கோப்பு முழுமைச் சரிபார்ப்பு மென்பொருள்

கோப்பு முழுமைச் சரிபார்ப்பு மென்பொருள் என்பது ஒரு கணினியில் உள்ள கோப்புகள் முன்பு இருந்தபடியே இருக்கின்றனவா, அல்லது யாரேனும் அவற்றை மாற்றியோ நீக்கியோ புதியவற்றைச் சேர்த்தோ விட்டனரா என்பதைக் கண்டறியும் மென்பொருள் ஆகும். நம்பத்தக்க ஒரு நாளில் கோப்புகளின் நிலையைப் பதிந்து வைத்துக்கொண்டு, பின்னர் வேண்டும்போதெல்லாம் அப்போதைய நிலையை அப்பதிவுடன் ஒப்பிடுவதே இதன் பணி. முதலில் எடுக்கும் பதிவு அடித்தளப் பதிவு எனப்படுகிறது. டிரிப்வயர், எய்ட், சாம்ஹைன், ஓசெக், வாசூ ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட மென்பொருள்கள்.

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளிலிருந்து இது அடிப்படையில் வேறுபட்டது. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் தனக்குத் தெரிந்த தீய நிரல்களின் அடையாளங்களைத் தேடுகிறது. முழுமைச் சரிபார்ப்பு மென்பொருளுக்குத் தீயது எது என்றே தெரியாது. நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே அதற்குத் தெரியும். இதனால் இதுவரை எவரும் கண்டிராத ஊடுருவலையும் அது காட்டிக்கொடுக்கக் கூடும். அதே காரணத்தால், மாற்றத்தைச் செய்தவர் கணினியின் பொறுப்பாளரா திருடரா என்பதை அது சொல்லாது.

ஆங்கிலத்தில் 'இன்டெகிரிட்டி' எனப்படுவதை ஒருமைப்பாடு என்றும் தமிழில் எழுதுவதுண்டு. அச்சொல் நாட்டு ஒருமைப்பாட்டையே நினைவூட்டுவதால் இக்கட்டுரையில் முழுமை என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. மாறாமை என்பது இன்னும் துல்லியமாக இருக்கும் எனினும் அது வழக்கில் இல்லை.

தோற்றம்

1988 நவம்பர் 2 அன்று பரவத் தொடங்கிய மோரிசு புழு, இணையத்துடன் இணைந்த யுனிக்சு கணினிகளை ஆயிரக்கணக்கில் முடக்கியது. அப்புழுவை ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் யூசீன் இசுபாபோர்டு. அவரும் அங்கு மாணவராக இருந்த சீன் கிம்மும் இணைந்து 1992 இல் டிரிப்வயர் மென்பொருளை வெளியிட்டனர். டிரிப்வயர் என்பது வழிப்போக்கர் கால் இடறும்படி தரையை ஒட்டிக் கட்டப்படும் கம்பி. அது யாரையும் தடுத்து நிறுத்துவதில்லை. வந்து போனதை அறிவிக்கிறது. மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது.

1997 இல் டிரிப்வயர் ஒரு வணிக நிறுவனமாயிற்று. 2000 ஆம் ஆண்டில் லினக்சுக்கான பதிப்பின் மூலநிரல் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. இதற்கிடையில் 1999 இல் ராமி லெக்தி, பாப்லோ விரோலைனன் ஆகிய இருவரும் டிரிப்வயருக்குக் கட்டற்ற மாற்றாக எய்ட் என்ற மென்பொருளை எழுதினர். இன்று பெரும்பாலான குனூ/லினக்சு வழங்கல்களின் தொகுப்புக் காப்பகங்களில் எய்ட் கிடைக்கிறது. கற்பவர்களுக்கு எளியதாக இருப்பதால் இக்கட்டுரையில் நிறுவலும் அமைவடிவமும் எய்ட்டைக் கொண்டே விளக்கப்படுகின்றன.

இயங்கும் முறை

ஒரு கோப்பு மாறியிருக்கிறதா என்று அறிய அதன் அளவையும் தேதியையும் பார்த்தால் போதாதா என்ற ஐயம் எழலாம். ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லைக்கு அருகில் உள்ள பொதட்டூர்பேட்டை நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு விசைத்தறிகளுக்கு நூல் கொடுத்துத் துணி வாங்கும் ஓர் அலுவலகத்தில் குனூ/லினக்சு இயங்கும் கணினி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். எந்த வகைத் துணிக்கு எவ்வளவு கூலி என்ற விகிதங்கள் அதில் ஒரு கோப்பில் உள்ளன. வாரந்தோறும் கூலிக் கணக்குப் போடும் நிரல் அந்தக் கோப்பைப் படித்தே தொகையைக் கணக்கிடுகிறது. ஓர் உருப்படிக்கு 85 ரூபாய் என்று இருந்ததை யாரோ 58 என்று மாற்றிவிடுகின்றனர்.

கோப்பின் அளவு மாறவில்லை. முன்பும் இரண்டு இலக்கங்கள், இப்போதும் இரண்டு இலக்கங்கள். கடைசியாக மாற்றப்பட்ட நேரம் மாறியிருக்கும். ஆனால் 'டச்' என்ற சாதாரணக் கட்டளையால் அந்த நேரத்தைப் பழையபடி ஆக்கிவிட முடியும். கோப்பில் உள்ள எழுத்துகளின் எண்மதிப்புகளை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டால் என்ன? ஆஸ்கி குறிமுறையில் 8 என்ற இலக்கத்தின் மதிப்பு 56, 5 என்பதன் மதிப்பு 53. 85 ஆனாலும் 58 ஆனாலும் கூட்டுத்தொகை 109 தான். எளிய கூட்டல் சோதனை இங்கே ஏமாந்துபோகிறது.

இதனால்தான் மறையியல் ஹாஷ் சார்புகள் பயன்படுத்தப்படுகின்றன. ஹாஷ் சார்பு என்பது எவ்வளவு பெரிய கோப்பையும் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கித் தரும் கணக்கீடு ஆகும். ஷா-256 என்னும் சார்பு 256 இருமங்கள் கொண்ட மதிப்பைத் தரும். பதினறும முறையில் எழுதினால் 64 எழுத்துகள். கோப்பில் ஒரே ஓர் இருமம் மாறினாலும் விடையில் ஏறக்குறையப் பாதி இருமங்கள் மாறிவிடும். ஒரு குறிப்பிட்ட ஹாஷ் மதிப்பு வரும்படியாக வேறொரு கோப்பைத் திட்டமிட்டு உருவாக்குவது நடைமுறையில் இயலாது. இந்தக் கடைசிப் பண்பே இங்கு முதன்மையானது. சிஆர்சி போன்ற பிழையறி குறிகளும் 85, 58 ஆன மாற்றத்தைக் கண்டுபிடிக்கும். ஆனால் அவை தொலைத்தொடர்பில் தற்செயலாக நேரும் பிழைகளுக்காக ஏற்பட்டவை. வேண்டுமென்றே ஏமாற்றுபவர் அதே குறி வருமாறு கோப்பைச் சரிக்கட்டிவிட முடியும்.

பழைய எம்டி5 சார்பில் ஒரே ஹாஷ் மதிப்பு கொண்ட இரு வேறு தரவுகளை உருவாக்க முடியும் என்று 2004 இல் சீன ஆய்வாளர் வாங் சியாவோயுன் குழுவினர் காட்டினர். ஷா-1 சார்புக்கு அதே நிலை 2017 இல் ஏற்பட்டது. தாக்குபவர் இரண்டு கோப்புகளையும் தாமே உருவாக்கும்போது பயன்படும் முறைகள் இவை. ஏற்கெனவே உள்ள ஒரு கோப்புக்கு ஈடாக வேறொன்றைச் செய்வது இதைவிட மிகக் கடினம். எனினும் புதிதாக அமைப்பவர்கள் அவற்றைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஏதும் இல்லை. ஷா-256 அல்லது ஷா-512 போதுமானது.

ஹாஷ் மதிப்புடன் கோப்பின் உரிமையாளர், குழு, அணுக்க உரிமைகள், அளவு, இணைப்புகளின் எண்ணிக்கை, ஐநோடு எண், நேரக்குறிகள் ஆகியனவும் பதியப்படும். யுனிக்சு வகை இயங்குதளங்களில் உள்ள நேரக்குறிகளுள் எம்டைம், சிடைம் ஆகியவை அடங்கும். உள்ளடக்கம் மாறிய நேரத்தைக் குறிக்கும் எம்டைமை முன்சொன்னவாறு எவரும் திருத்தலாம். சிடைம் கோப்பின் உள்ளடக்கமோ உரிமைகளோ மாறும்போது இயங்குதளத்தால் இடப்படுவது. அதைத் திருத்த வழக்கமான கட்டளை ஏதும் இல்லை. கணினிக் கடிகாரத்தையே பின்னுக்குத் தள்ளுவது போன்ற சுற்றுவழிகளே உள்ளன. எம்டைம் பழையதாகவும் சிடைம் புதியதாகவும் உள்ள ஒரு கோப்பு எப்போதும் ஒரு கேள்விக்கு உரியது.

நிறுவல்

இங்குக் கட்டளைகளும் அடைவுப் பெயர்களும் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

நிறுவும் நேரமே முதல் முடிவு. ஊடுருவல் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட கணினியில் அடித்தளப் பதிவை எடுத்தால், ஊடுருவியவரின் கோப்புகளும் நம்பத்தக்கவையாகப் பதிந்துவிடும். அதன்பின் நாள்தோறும் 'மாற்றம் இல்லை' என்ற அறிக்கை வரும். அது உண்மையாகவும் இருக்கும். ஆகவே இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை முடித்து, கணினியைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு முன்னரே இதனை நிறுவுதல் வேண்டும்.

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் 'ஆப்ட்' கட்டளை மூலமும், ரெட் ஹேட் வழிவந்த வழங்கல்களில் 'டிஎன்எஃப்' மூலமும் எய்ட் என்ற தொகுப்பை நிறுவலாம். ரூட் பயனரின் உரிமை தேவை. டெபியனில் அமைவடிவக் கோப்பு ஈடிசி அடைவுக்குள் எய்ட் என்ற உள்ளடைவில் 'எய்ட்.கான்ஃப்' என்ற பெயரில் இருக்கும். ரெட் ஹேட் வகையில் நேரடியாக ஈடிசி அடைவிலேயே அதே பெயரில் இருக்கும். கணினி நிரந்தரமாக இணையத்தில் இல்லாவிட்டாலும் நிறுவிய பின் எய்ட்டுக்கு இணையம் தேவையில்லை என்பது சிற்றூர் அலுவலகங்களுக்கு உகந்த ஒன்று.

அமைவடிவம்

அமைவடிவக் கோப்பில் இரண்டு செய்திகள் எழுதப்படுகின்றன. எந்தக் கோப்புகளைக் கவனிக்க வேண்டும் என்பது ஒன்று. அவற்றில் எந்தப் பண்புகளைக் கவனிக்க வேண்டும் என்பது மற்றொன்று. பண்புகளுக்குக் குறியெழுத்துகள் உண்டு. அணுக்க உரிமைக்குப் 'பி', பயனருக்கு 'யு', குழுவுக்கு 'ஜி', அளவுக்கு 'எஸ்', எம்டைமுக்கு 'எம்', சிடைமுக்கு 'சி' என்பன அவற்றுட் சில. தேவையானவற்றைக் கூட்டல் குறியால் இணைத்து ஒரு பெயரிட்டு விதியாக வைத்துக்கொள்ளலாம். பின்னர் ஓர் அடைவின் பாதையை எழுதி, அதன் அருகில் விதியின் பெயரை எழுதினால் அந்த அடைவும் உள்ளிருப்பவை அனைத்தும் அவ்விதிப்படி கண்காணிக்கப்படும். பாதைக்கு முன் வியப்புக்குறி இட்டால் அது விலக்கப்படும்.

எல்லாக் கோப்புகளையும் எல்லாப் பண்புகளுடனும் கண்காணிக்கச் சொல்வது தொடக்கநிலையினர் பெரும்பாலும் செய்யும் பிழை. அவ்வாறு அமைத்தால் முதல் நாளே பல நூறு வரிகளில் அறிக்கை வரும். இரண்டாம் வாரத்தில் அதை எவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். படிக்கப்படாத அறிக்கையைத் தரும் கண்காணிப்பும் கண்காணிப்பே இல்லாத நிலையும் ஒன்றுதான். முன்னதில் பாதுகாப்பு இருப்பதாக ஒரு நம்பிக்கை மட்டும் கூடுதல்.

ஆகவே கோப்புகளை அவற்றின் இயல்புப்படி பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். கட்டளை நிரல்கள் இருக்கும் பின், எஸ்பின் அடைவுகள், நிரல் நூலகங்கள், கணினியைத் தொடக்கும் பூட் அடைவு ஆகியவை இற்றைப்படுத்தலின்போது அன்றி மாறக் கூடாதவை. இவற்றுக்கு ஹாஷ் உட்பட முழுக் கண்காணிப்பு தேவை. ஈடிசி அடைவில் உள்ள அமைவடிவங்களும் அவ்வாறே. பதிகைக் கோப்புகள் ஒவ்வொரு நிமிடமும் வளர்பவை. அவற்றுக்கு ஹாஷ் பார்ப்பது பயனற்றது. ஆனால் பதிகைக் கோப்பு வளரலாமே தவிரச் சுருங்கக் கூடாது. தடயத்தை அழிக்க விரும்புபவர் செய்வது அதைத்தான். அளவு கூடினால் பேசாமல் இருந்து, குறைந்தால் மட்டும் அறிவிக்கும் வசதி எய்ட்டில் உண்டு. பதிகைக் கோப்புகளை இயங்குதளமே குறிப்பிட்ட இடைவெளியில் மடித்துவைத்துப் புதிதாகத் தொடங்குவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தற்காலிகக் கோப்புகளின் அடைவுகளை விலக்கிவிடலாம்.

நமது எடுத்துக்காட்டில் நாள்தோறும் எழுதப்படும் நூல், பாவு வரவுசெலவுக் கோப்புக்கு உரிமையாளரையும் அணுக்க உரிமையையும் மட்டும் பார்த்தால் போதும். கூலி விகிதக் கோப்போ கூலி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது மட்டுமே மாறுவது. அதற்கு முழுக் கண்காணிப்பு வேண்டும். இயங்குதளக் கோப்புகளில் மட்டும் கருத்தைச் செலுத்திவிட்டு, அந்த அலுவலகத்துக்கு உண்மையில் மதிப்புள்ள இந்த ஒரு கோப்பை மறந்துவிடுவது எளிதில் நேரக்கூடியது. வழங்கல்களுடன் வரும் இயல்பிருப்பு அமைவடிவத்துக்கு அப்படியொரு கோப்பு இருப்பதே தெரியாது.

விலக்கும் விதிகளில் ஒரு நுட்பமான பொறி உள்ளது. எய்ட்டின் பாதைகள் சுருங்குறித் தொடர்களாகப் படிக்கப்படுகின்றன. அவை பாதையின் தொடக்கத்துடன் பொருத்தப்படும், முடிவுடன் அல்ல. 'மெயில்லாக்' என்ற ஒரு பதிகைக் கோப்பை விலக்க எண்ணி அப்பெயரை மட்டும் எழுதினால், மெயில்லாக் என்று தொடங்கும் எல்லாப் பெயர்களும் சேர்ந்து விலகிவிடும். இதை அறிந்த ஒருவர் அத்தகைய பெயரில் தம் கோப்பை ஒளித்து வைக்கலாம். வரியின் முடிவில் டாலர் குறி இட்டால் அந்தப் பெயர் மட்டுமே விலகும்.

அடித்தளப் பதிவும் ஒப்பீடும்

அமைவடிவம் முடிந்ததும் எய்ட் கட்டளையை 'இனிட்' என்ற தெரிவுடன் இயக்கினால் புதிய தரவுத்தளம் உருவாகும். டெபியனில் இதற்கு 'எய்ட்இனிட்' என்ற தனிக் கட்டளை உண்டு. உருவாகும் கோப்பின் பெயரில் புதியது என்று பொருள்படும் 'நியூ' என்ற ஒட்டு இருக்கும். ரெட் ஹேட் வகையில் அந்த ஒட்டை நாமே நீக்கிப் பெயர் மாற்றினால்தான் எய்ட் அதை ஒப்பீட்டுக்கு ஏற்கும். புதிய பதிவைப் பழையதன்மேல் தானாக எழுதிவிடாமல் காக்கவே இந்த இரட்டைப் பெயர் முறை. பெயர் மாற்றும் அந்தச் செயல், 'இந்த நிலையை நான் ஏற்கிறேன்' என்று பொறுப்பாளர் கையொப்பம் இடுவதற்கு ஒப்பானது.

'செக்' என்ற தெரிவுடன் இயக்கினால் ஒப்பீடு நடக்கும். முடிவில் எய்ட் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். வேறுபாடு இல்லையெனில் 0. புதிய கோப்புகள் இருந்தால் 1, நீக்கப்பட்டவை இருந்தால் 2, மாறியவை இருந்தால் 4. பல நிகழ்ந்திருந்தால் இவற்றின் கூட்டுத்தொகை. 5 என்று வந்தால் சில கோப்புகள் சேர்ந்துள்ளன, சில மாறியுள்ளன, எதுவும் நீங்கவில்லை என்று பொருள். 14 மற்றும் அதற்கு மேற்பட்ட எண்கள் எய்ட் தன் வேலையைச் செய்ய முடியாமல் போன பிழைகளைக் குறிக்கும். தானியங்கு நிரல் எழுதுபவர்கள் இவற்றையும் 'ஏதோ மாறியுள்ளது' என்ற கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அன்று சோதனையே நடக்கவில்லை.

டெபியன் தொகுப்பில் நாள்தோறும் சரிபார்க்கும் ஏற்பாடு உடன் வருகிறது. ரெட் ஹேட் வகையில் 'கிரான்' அட்டவணையில் நாமே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் முழுமையாகப் படிக்க வேண்டியிருப்பதால் வன்தட்டுக்கு வேலை மிகும். பயன்பாடு குறைந்த நேரமே ஏற்றது. மின்தடை மிகுந்த ஊர்களில் நள்ளிரவில் கணினி அணைந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

மென்பொருள் இற்றைப்படுத்தலே அன்றாடத் தலைவலி. ஒரு பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றிவிடும். இற்றைப்படுத்திவிட்டு உடனே புதிய அடித்தளப் பதிவை எடுத்துவிட்டால், அதற்கு முதல் நாள் நுழைந்தவரின் மாற்றமும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து ஏற்கப்பட்டுவிடும். எனவே இற்றைப்படுத்தலுக்குச் சற்று முன் ஒருமுறை ஒப்பிட்டுத் தூய்மையை உறுதிசெய்து, பின்னர் இற்றைப்படுத்தி, மீண்டும் ஒப்பிட்டு, மாறிய கோப்புகள் எல்லாம் இற்றைப்படுத்திய தொகுப்புகளைச் சேர்ந்தவைதாமா என்று பார்த்து, அதன்பிறகே புதிய பதிவை ஏற்க வேண்டும். இதற்குப் பொறுமை தேவை. ரெட் ஹேட் வழங்கல்களில் ஒரு காலத்தில் 'பிரிலிங்க்' என்ற நிரல் நிரல்கோப்புகளைத் தானே மாற்றியமைத்து, மேலாளர்களைப் பொய்யான எச்சரிக்கைகளால் அலைக்கழித்தது. அது வழக்கொழிந்தது நல்லதே.

பதிவை எங்கே வைப்பது

இம்மென்பொருளின் வலிமை முழுவதும் அடித்தளப் பதிவு யார் கையில் இருக்கிறது என்பதில் உள்ளது. எய்ட்டின் தரவுத்தளம் சாதாரண உரைக்கோப்பு. சில வேளை சுருக்கப்பட்டிருக்கும், அவ்வளவே. ரூட் பயனரின் கடவுச்சொல்லைப் பெற்றுவிட்ட ஒருவர் கூலி விகிதத்தை மாற்றியபின், 'இனிட்' கட்டளையை மீண்டும் இயக்கிப் புதிய தரவுத்தளத்தைப் பழையதன் இடத்தில் வைத்துவிட்டால் மறுநாள் அறிக்கை தூய்மையாக வரும். நம் எடுத்துக்காட்டில் அந்தக் கடவுச்சொல்லை வைத்திருப்பவரே விகிதத்தை மாற்றியவராகவும் இருக்கலாம் என்பதை மறக்கலாகாது.

டிரிப்வயர் இதற்கு ஒரு விடை தருகிறது. நிறுவும்போது அது தளத்திறவி, உள்ளகத்திறவி என்ற இரண்டை உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுத்தொடரைக் கேட்கும். அமைவடிவமும் கொள்கைக் கோப்பும் தளத்திறவியாலும், தரவுத்தளம் உள்ளகத்திறவியாலும் ஒப்பமிடப்படுகின்றன. கடவுத்தொடர் தெரியாதவர் ரூட் பயனராக இருந்தாலும் தரவுத்தளத்தைத் திருத்த முடியாது. கடவுத்தொடரை மறந்துவிட்டால் மீட்க வழியில்லை. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

எய்ட்டைப் பயன்படுத்துவோர் தரவுத்தளம், அமைவடிவக் கோப்பு, எய்ட் நிரல் ஆகிய மூன்றையும் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய குறுவட்டிலோ, சோதனை நேரத்தில் மட்டும் செருகப்படும் யூஎஸ்பி நினைவகத்திலோ, வேறொரு கணினியிலோ வைக்கலாம். செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. தரவுத்தளக் கோப்புக்கே 'ஷா256சம்' கட்டளையால் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு, அந்த 64 எழுத்துகளைத் தாளில் அச்சிட்டு, கடவுச்சொல் இல்லாத வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். தறிக்காரர்களின் சார்பில் ஒருவர் அந்தத் தாளை வைத்திருந்தால், கூலிக் கணக்கு நாளில் அவர் முன்னிலையில் தரவுத்தளத்தின் ஹாஷ் மதிப்பை மீண்டும் கணக்கிட்டு, தாளுடன் ஒத்திட்டுப் பார்த்து, பிறகு சோதனையை இயக்கலாம். கணினி அறிவு ஏதும் இல்லாதவரும் இரண்டு எழுத்து வரிசைகள் ஒன்றா என்று பார்க்க முடியும்.

ஹாஷ் மதிப்பையும் காக்கப்படும் பொருளையும் ஒரே இடத்தில் வைப்பதன் கேடு 2016 பெப்ரவரியில் லினக்சு மின்ட் திட்டத்தில் தெரிந்தது. அதன் வலைத்தளத்துள் நுழைந்தவர்கள் பதிவிறக்க இணைப்பை, பின்கதவு வைத்த இயங்குதளப் படிமம் ஒன்றுக்குத் திருப்பிவிட்டனர். ஒரு வலைத்தளத்தின் பக்கங்களைத் திருத்தக்கூடியவர், அதே பக்கங்களில் உள்ள சரிபார்ப்பு மதிப்புகளையும் திருத்தக்கூடியவரே.

டெபியன் ஊடுருவல், 2003

எய்ட் தன் பணியைச் செய்ததற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சான்று டெபியன் திட்டத்திலேயே உள்ளது. 2003 நவம்பர் 19 அன்று, களவாடப்பட்ட ஒரு கடவுச்சொல்லைக் கொண்டு யாரோ டெபியன் வழங்கி ஒன்றில் சாதாரணப் பயனராக நுழைந்தனர். லினக்சு கருவில் இருந்த ஒரு வழுவைப் பயன்படுத்தி ரூட் உரிமை பெற்று, அடுத்தடுத்த வழங்கிகளுக்கும் பரவினர். 'சக்கிட்' என்ற மறைநிரல் தொகுதி அவற்றில் நிறுவப்பட்டது.

மறுநாள் ஒரு வழங்கியில் கருவின் பிழைச்செய்திகள் தோன்றுவதை மேலாளர்கள் கவனித்தனர். மற்றொன்றிலும் அதே பிழைகள் தென்பட்டமை ஐயத்தைக் கிளப்பியது. ஏறத்தாழ அதே நேரத்தில் எய்ட் நிறுவப்பட்டிருந்த வழங்கிகளிலிருந்து எச்சரிக்கைகள் வந்தன. எஸ்பின் அடைவில் உள்ள 'இனிட்' நிரல் மாற்றப்பட்டுள்ளது என்றும், மொழியமைவுக் கோப்புகளுக்கான ஓர் அடைவின் எம்டைமும் சிடைமும் மாறியுள்ளன என்றும் அவை கூறின. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் நிரல் இனிட். அது காரணமின்றி மாறாது. வழங்கிகள் நிறுத்தப்பட்டு ஆராயப்பட்டன. தொகுப்புக் காப்பகம் பாதிக்கப்படவில்லை என்பது பின்னர் உறுதிப்படுத்தப்பட்டது. ஊடுருவலுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நாளே கழிந்திருந்தது.

எச்சரிக்கை வந்ததைக் காட்டிலும், வந்த எச்சரிக்கையை உடனே படிக்க ஆள் இருந்தமையே இங்குக் கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்ட ஊடுருவல் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றியது. இந்திய அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை 2019 அக்டோபர் 30 அன்று அக்கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான, இணையத்துடன் இணைந்த பிணையத்தில் இருந்த கணினி அது என்றும், உலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்திருப்பதால் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் தெரிவித்தது. அத்தீநிரலைச் செப்டம்பர் 4 அன்று கவனித்துக் கழகத்துக்குத் தெரிவித்தது செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு.

குறைபாடுகள்

கருவையே கைப்பற்றும் மறைநிரல்கள், கோப்பைப் படிக்கக் கோரும் நிரலுக்குப் பழைய உள்ளடக்கத்தைக் காட்டி ஏமாற்றக்கூடும். சோதிக்கும் எய்ட்டும் அதே கருவை நம்பியே இயங்குகிறது. ஐயம் வலுத்தால் கணினியை அணைத்து, நம்பத்தக்க குறுவட்டிலிருந்து தொடக்கி, வன்தட்டை வெளியிலிருந்து சோதிப்பதே முறை. கோப்பைத் தொடாமல் நினைவகத்தில் மட்டும் இயங்கும் தீநிரல்களை இம்மென்பொருள் காணாது. இரு சோதனைகளுக்கு இடையில் மாற்றி, மீண்டும் பழையபடி ஆக்கப்பட்ட உள்ளடக்கத்தை ஹாஷ் காட்டாது. சிடைமைக் கவனித்திருந்தால் அது மட்டும் சிக்கும். கோப்பு திறக்கப்படும் கணத்திலேயே ஹாஷைச் சோதிக்கும் ஐஎம்ஏ என்ற வசதி 2009 இல் வெளியான 2.6.30 பதிப்பு முதல் லினக்சு கருவில் உள்ளது. வாசூ போன்றவை மாற்றம் நிகழ்ந்த உடனேயே அறிவிக்கும் வகையிலும் அமைக்கப்படலாம்.

முறையான வழியில் வரும் தீங்கு இன்னும் கடினமானது. 2024 மார்ச் 29 அன்று ஆந்திரேசு பிரெயுண்டு என்ற பொறியாளர், எக்சுஇசட் எனப்படும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை அறிவித்தார். அதை வைத்தவர் அத்திட்டத்தின் பராமரிப்பாளர்களுள் ஒருவராகவே இடம்பெற்றிருந்தார். அப்பதிப்பை நிறுவிய கணினியில் எய்ட் 'நூலகக் கோப்பு மாறியுள்ளது' என்றே சொல்லியிருக்கும். மேலாளரும் இற்றைப்படுத்தியதால் மாறியது என்று ஏற்றிருப்பார். பிரெயுண்டு அதைக் கண்டுபிடித்தது, தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்ததால்.

பிற வழிகளும் சட்டநிலையும்

தனி மென்பொருள் நிறுவாமலும் ஓரளவு சரிபார்க்கலாம். 'ஆர்பிஎம்' கட்டளையின் சரிபார்ப்புத் தெரிவும், டெபியனின் 'டெப்சம்ஸ்' கருவியும், நிறுவிய கோப்புகளைத் தொகுப்புகளில் உள்ள மதிப்புகளுடன் ஒப்பிடும். விண்டோசில் 'எஸ்எஃப்சி' கட்டளை இயங்குதளக் கோப்புகளைச் சரிபார்த்துச் சீராக்கும். வேர்ட்பிரசு கொண்டு வலைத்தளம் நடத்துவோர் 'டபிள்யூபி' கட்டளைவரிக் கருவியால் அதன் மூலக்கோப்புகளை ஒப்பிடலாம். இவை எவையும் நாமே உருவாக்கிய கோப்புகளை அறியா.

கடனட்டைத் தரவுகளைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ தரநிலை, முதன்மைக் கோப்புகளை வாரத்துக்கு ஒருமுறையேனும் ஒப்பிட வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, வலைத்தளங்களில் நுழைந்து செய்யப்படும் மாற்றங்கள் உள்ளிட்ட நிகழ்வுகளை அறிந்த 6 மணிநேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், பதிகைகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63 ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் சான்றாக அளிப்போர் இணைக்க வேண்டிய சான்றிதழில் அந்த ஆவணத்தின் ஹாஷ் மதிப்பையும், அது எந்தச் சார்பால் கணக்கிடப்பட்டது என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். சான்றிதழின் ஒரு பகுதியை ஆவணத்தை அளிப்பவரும் மறுபகுதியை வல்லுநர் ஒருவரும் நிரப்புகின்றனர்.